கொத்தமல்லி, திருநீற்றுப்பச்சிலை முளைக்கவே இல்லை: விதையா, தண்ணீரா?

கரைவெளி:
ராமநாதபுரம் பக்கம், கடல் மூன்று கிலோமீட்டர். 2 சென்டில் பார் பிடித்து, பாரின் உச்சியில் மல்லியும் திருநீற்றுப்பச்சிலையும் விதைத்தேன். வாய்க்காலில் போர் தண்ணீர், இரண்டு நாளுக்கு ஒரு தடவை. 18 நாள் ஆச்சு. மல்லி அங்கொன்று இங்கொன்று, பச்சிலை சுத்தமாக இல்லை. தோண்டிப் பார்த்தால் மல்லி அழுகவில்லை, போட்டபடியே கிடக்கிறது. தண்ணீரில் கரைந்த உப்பைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் 2600 பி.பி.எம். காட்டுகிறது. கடைக்காரர் பழைய விதையைத் தலையில் கட்டிவிட்டாரோ?

மாடித்தோட்டம்:
மல்லியை முழுசாகவா போட்டீர்கள்? தேய்த்து இரண்டாக உடைத்தால்தான் சீராக முளைக்கும்.

கரைவெளி:
உடைத்துத்தான் போட்டேன்.

உவர்க்காடு:
தம்பி, 2600ஐ 640ஆல் வகுத்தால் ஈ.சி. (உப்பின் அளவைச் சொல்லும் மின்கடத்துதிறன்) மீட்டருக்குச் சுமார் 4 டெசிசீமன்ஸ். மல்லிக்கு இடைஞ்சல்தான். ஆனால் கடைக்காரரைத் திட்டுவதற்கு முன்னால் ஒன்று செய்யுங்கள். இரண்டு தட்டில் ஈரத்துணி விரித்து, 25 மல்லி வீதம் போடுங்கள். ஒன்றுக்குப் போர் தண்ணீர், இன்னொன்றுக்கு ஊருணித் தண்ணீர். மூடி வையுங்கள், காயக்கூடாது. 12 நாள் கழித்து, போர் தட்டில் முளைக்காததை அலசி ஊருணித் தண்ணீருக்கு மாற்றுங்கள். அப்புறம் முளைத்தால், உப்பு விதையைக் கொல்லவில்லை, தண்ணீர் குடிக்க விடாமல்தான் தடுத்திருக்கிறது. அப்போதும் முளைக்காவிட்டால் சோடியமும் குளோரைடும் உள்ளே போய்க் கெடுத்திருக்கலாம், அல்லது விதையே செத்தது.

கரைவெளி (மூன்று வாரம் கழித்து):
ஊருணி 20. போர் 14. மிச்சம் 11ஐ மாற்றினேன், 5 முளைத்தது. கடைக்காரரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் போல! ஒன்று புரியவில்லை. அதே போர் தண்ணீரில் தட்டில் பாதிக்கு மேல் முளைக்கிறது, காட்டில் ஏன் இல்லை?

உவர்க்காடு:
தட்டை மூடி வைத்தீர்கள், பாரை மூடவில்லை. வாய்க்கால் தண்ணீர் பாருக்குள் ஊறி மேலே ஏறும். வெயிலில் தண்ணீர் மட்டும் ஆவியாகும், உப்பு உச்சியில் தங்கிவிடும். காலையில் பாருங்கள், வெள்ளையாகப் பூத்திருக்கும். அதோடு, இருக்கிற ஈரத்தில் பாதி காய்ந்தால் மிச்ச ஈரத்தில் உப்பு இரட்டிப்பு. உங்கள் இரண்டு நாள் இடைவெளியில் வறட்சியும் உப்பும் ஒரே ஆள்தான். பச்சிலை விதையை மேலாகத் தூவுவதால் அதற்குத்தான் முதல் அடி.

உச்சியை விட்டுப் பாரின் சரிவில், தண்ணீர் ஏறும் மட்டத்துக்குச் சற்று மேலே ஊன்றுங்கள். முளை வரும்வரை மேல்மண் காயக்கூடாது. ஊறிய விதை முளை விடுவதற்கு முன் காய்ந்தால் தப்பிக்கும், வேர் நுனி எட்டிப் பார்த்தபின் காய்ந்தால் முடிந்தது.

மாடித்தோட்டம்:
மானாவாரி மல்லிக்கு விதையைக் கடினப்படுத்தச் சொல்வார்களே?

உவர்க்காடு:
ஆமாம், வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை. பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் லிட்டருக்கு 10 கிராம், 16 மணி நேரம் ஊறவைத்து நிழலில் உலர்த்தி விதைப்பது. அது வறட்சிக்கு. உச்சியில் உப்பு பூத்திருந்தால் அதை நம்பி இறங்காதீர்கள்.

கரைவெளி:
சரிங்கண்ணே. மல்லியைச் சரிவுக்கு மாற்றுகிறேன். பச்சிலையை ட்ரேயில் ஊருணித் தண்ணீரில் முளைக்க வைத்து நாற்றாக நடலாமா?

உவர்க்காடு:
அதுதான் நல்லது. நாலைந்து இலை வந்தபின் நடுங்கள், அதுவும் சரிவில்தான். ட்ரேயில் விதைமேல் மண்ணைக் கொட்டி மூடாதீர்கள், சும்மா தூவினாற்போல் போதும்.