மறு: டிஎன்ஏ-ல ஒட்டினா ஒளிர்ற சாயத்துக்கு என்ன பேர் வைக்கலாம்?

குழும நண்பர்களுக்கு வணக்கம், அறிவியல் சொற்களுக்குத் தமிழ்ப் பேர் தேடுற இந்த இழையில வந்த யோசனைகளுக்கு என் பதில் இது.

> "ஒளியூட்டு சாயம்"னே வச்சிரலாமே, டிஎன்ஏ-க்கு ஒளி ஊட்டுதுல்ல?

இதுல எனக்கு உடன்பாடு இல்லீங்க. யாரும் யாருக்கும் ஒளி ஊட்டல. வெளிச்சம் பட்டா சாய மூலக்கூறு கிளர்நிலைக்கு (ஆற்றல் கூடின நிலை, excited state) போகும், தண்ணியில சும்மா மிதந்தாலும் போகும், டிஎன்ஏ-ல ஒட்டிக்கிட்டு இருந்தாலும் போகும். வித்தியாசமெல்லாம் இறங்குற வழியில தான். தயசோல் ஆரஞ்சுங்கிற சாயத்த எடுத்துக்குங்க, ரெண்டு பக்கம் வளையத் தொகுதி, நடுவுல ஒரு மெத்தீன் பாலம் (ஒத்தைக் கார்பன் இணைப்பு). தண்ணியில இருந்தா கிளர்ந்த உடனே அந்தப் பாலத்துல முறுக்கிக்கிட்டு ஆற்றலை வெப்பமா விட்டுட்டு இறங்கிடும், சில பிகோநொடிக்குள்ள (ஒரு பிகோநொடின்னா நொடியில லட்சம் கோடில ஒரு பங்கு) கதை முடிஞ்சிரும், ஒளியா விடணும்னா நானோநொடிக் கணக்குல (ஒரு நானோநொடின்னா ஆயிரம் பிகோநொடி) நேரம் வேணும், அது எங்க கிடைக்குது? பத்தாயிரம் மூலக்கூறு கிளர்ந்தா ஒளிர்றது ஏறக்குறைய ரெண்டு தான். அதுவே டிஎன்ஏ-வோட, ஏணிப்படி மாதிரி அடுக்கி இருக்குற கார இணைகளுக்கு நடுவுல செருகிட்டா முறுக்க இடமில்ல, வெப்பமா இறங்குற அந்த வழி அடைபட்டுப் போறதால பல மடங்கு ஒளிருது.

> அப்போ "செருகொளிர் சாயம்"? இல்லன்னா "முறுக்குத்தடைச் சாயம்"?

ரெண்டுமே கேக்க நல்லா இருக்கு, ஆனா பாதிப் பேரை வெளிய தள்ளிடும். டேப்பி, ஹோக்ஸ்ட் 33258-ங்கிற சாயங்க ரெண்டும் செருகிக்கிட்டு ஒளிர்றது இல்ல, ஏ-டி (அடினின்-தைமின்) இணை நிறைஞ்ச இடமா பாத்து டிஎன்ஏ சுருளோட சிறு பள்ளத்துல படிஞ்சு தான் அப்படிப் பளிச்சுனு ஆகுது. எத்திடியம் புரோமைடுங்கிற சாயம் செருகும், ஆனா அதுல முறுக்கம் கதாநாயகன் இல்ல, கிளர்நிலையில இருந்து ஒரு புரோட்டானை பக்கத்துல இருக்குற தண்ணிக்குக் கொடுத்துட்டு அணையுது. உள்ள போயிட்டா தண்ணி கைக்கு எட்டாது, அதனால கிளர்நிலை ஆயுள் 2 நானோநொடிக்குக் கொஞ்சம் கம்மியா இருந்தது 20-ஐத் தாண்டிடுது. ஆக ஒட்டுற விதமும் வேற, அணையுற காரணமும் வேற, பொதுவா இருக்கிறது பிணைஞ்சா ஒளிரும்ங்கிறது மட்டும் தான். அதனால பிணைந்தொளிர் சாயம். ஆர்என்ஏ, புரதம் இதுல ஒட்டி ஒளிர்றதுக்கும் இதையே வச்சுக்கலாம், தேவைப்பட்டா முன்னாடி டிஎன்ஏ சேத்துக்கலாம். (பொறிமுறைய பேர்லயே சொல்லியாகணும்னு ஒண்ணும் இல்ல, 1852-ல ஸ்டோக்ஸ்ங்கிற இயற்பியலாளர் இந்த ஒளிர்வுக்கு (fluorescence) ஒரு கனிமத்தோட (fluorspar) பேரைத் தான் எடுத்து வச்சாரு, 170 வருஷமா ஓடுது.)

> "அதிவேக ஒளிர்வுச் சிதைவு" பத்தி ஒண்ணும் சொல்லலையே

சொல்றேன், ultrafast fluorescence decay-க்கு (கிளர்ந்த சாயத்தோட ஒளிர்வு மிகச் சீக்கிரம் மங்குறதுக்கு) வந்த பேர் இது, இதுல அதிவேகம், சிதைவு ரெண்டு சொல்லுமே எனக்கு இடிக்குது. அதிவேகம்னா ஒளி வேகமா போற மாதிரி இருக்கு, இங்க எதுவும் எங்கயும் ஓடல, ஒளிர்வு சீக்கிரம் மங்குது, அவ்ளோ தான். "மீவிரைவு" பரவால்ல. சிதைவு கூடவே கூடாது. கதிரியக்கத்துல அணுக்கரு நெஜமாவே மாறிப்போகுது, அங்க சரி, இங்க மூலக்கூறு முழுசா கீழ்நிலைக்குத் திரும்பி வந்து அடுத்த தடவை கிளர ரெடியா நிக்குது. சாயம் நெஜமா கெட்டுப் போறது ஒளிவெளிறல்ல (photobleaching, வெளிச்சம் பட்டுப் பட்டு சாயம் வெளுத்துப் போறது) தான், அது தனிக் கதை. நான் சொல்றது, தானா மங்குனா தணிவு, வேற ஒரு பொருள் வந்து மங்க வச்சா தணிப்பு, தன்வினை பிறவினை நம்ம கிட்ட சும்மா கிடக்கும்போது ஏன் புதுசா தேடணும். மீவிரைவு ஒளிர்வுத் தணிவு.

இந்தத் தணிவை அளக்குற முறைக்கு (upconversion) ஒருத்தர் "மேல்மாற்றம்"னு போட்டிருந்தாரு, படிச்சா ஒண்ணும் புரியாது. நடக்கிறது என்னன்னா சாயத்துல இருந்து வர்ற ஒளியையும் இன்னொரு குறுகின லேசர் துடிப்பையும் ஒரு படிகத்துல சேத்து விடுறாங்க, ரெண்டும் ஒரே நேரத்துல அங்க இருந்தா மட்டும் அதிர்வெண் கூடி புது ஒளி வரும். லேசர் வர்ற பாதைய 0.3 மில்லிமீட்டர் நீட்டினா 1 பிகோநொடி தாமதம், அப்படி கொஞ்சம் கொஞ்சமா நகத்தி மங்குறதைப் படம் போடுறாங்க. சாதாரண எலக்ட்ரானிக் டிடெக்டர் பெம்டோநொடி (பிகோநொடியில ஆயிரத்துல ஒரு பங்கு) அளவுக்கு ஈடு கொடுக்காது, அதான் இந்த சுத்து வழி. "அதிர்வெண் கூட்டு முறை"ன்னா செய்யறது என்னன்னு தெரியும்ல?

fluorescence-ஐ உடனொளிர்வுங்கிறதா வெறும் ஒளிர்வுங்கிறதாங்கிற பழைய சண்டைய இந்த இழையில இழுக்க வேண்டாம்னு கேட்டுக்கிறேன். "கிளர்நிலை" போதுமா, "கிளர்வுற்ற நிலை"ன்னு நீட்டணுமா, இதை மட்டும் வேதியியல் படிச்சவங்க யாராச்சும் சொல்லிடுங்க, மத்ததை நான் நம்ம கலைச்சொல் பட்டியல்ல ஏத்திடறேன்.