மூடிய சப்வூஃபர் பெட்டிக்குள் இலவம் பஞ்சு போடலாமா?

கம்பம்மெட்டு:
12 அங்குல ஊஃபருக்கு (தாழ்ந்த ஒலிக்கான ஸ்பீக்கர்) 18 மி.மீ. பிளைவுட்டில் மூடிய பெட்டி, போர்ட் (காற்றுக் குழாய்) கிடையாது. ஊஃபர் அடைக்கும் இடம் போக உள்ளளவு 40 லிட்டர், நீளமான பக்கம் 40 செ.மீ. ஊஃபரின் எண்கள்: எஃப்எஸ் (பெட்டியில்லாமல் இயல்பாக அதிரும் அதிர்வெண்) 28 ஹெர்ட்ஸ், விஏஎஸ் (ஊஃபரின் தொங்கலுக்கு ஈடான மீள்தன்மை உள்ள காற்றின் அளவு) 80 லிட்டர், கியூடிஎஸ் (அந்த அதிர்வு அடங்காமல் நீடிக்கும் அளவு) 0.45. இதைவிடப் பெரிய பெட்டிக்கு இடமில்லை. போடியில் இலவம் பஞ்சு சுலபமாகக் கிடைக்கிறது. தெர்மாகோல், கிளாஸ் வூலும் கையில் இருக்கு. எதை, எத்தனை கிராம் போடணும்? குமுளிப் பக்கமிருந்து சாரல் அடிக்கும் மாதங்களில் ஈரம் ஏறுமா?

ஊஃபர்க்காரன்:
தெர்மாகோலை விட்டுடுங்க. அதன் குமிழ்கள் மூடியவை, காற்று உள்ளே புகாது. பெட்டியின் கொள்ளளவுதான் குறையும்.

இங்கே பஞ்சு எதிரொலியை அடக்கப் போடுவதில்லை. 40 செ.மீ. பக்கத்தில் நிற்கும் அலை 430 ஹெர்ட்ஸில்தான் தொடங்கும். 80 ஹெர்ட்ஸுக்கு மேலுள்ள ஒலியைக் கிராஸ்ஓவர் (ஒலியைப் பிரிக்கும் வடிகட்டி) வெட்டினால் அந்தப் பேச்சே இல்லை. அழுந்தும் காற்று சூடாகும். அந்தச் சூட்டை நார் வாங்கிக்கொண்டால் காற்று மெத்தென்று ஆகி, ஊஃபருக்குப் பெட்டி பெரிதானதுபோல் இருக்கும். கணக்குப்படி உச்சம் 1.4 மடங்கு, நடைமுறையில் 10 முதல் 25 சதவீதம்.

உங்கள் பெட்டி காலியாக இருந்தால் எஃப்சி (பெட்டிக்குள் ஊஃபர் அதிரும் அதிர்வெண்) 48.5 ஹெர்ட்ஸ், கியூடிசி (பெட்டிக்குள் கியூடிஎஸ் ஆகும் அளவு) 0.78. 20 சதவீதம் கிடைத்தால் 45.7, 0.73. காதுக்கு இது சின்ன வித்தியாசம்தான், ஆனால் உங்கள் பெட்டிக்குச் சரியான திசை.

பஞ்சுமூட்டை:
இலவம் பஞ்சில் ஈரம் லேசில் ஏறாது, அதில் மெழுகு உண்டு. அதன் குறை வேறு. நார் குட்டை, வழவழப்பு, ஒன்றோடொன்று பின்னாது. அதிர்வில் சரிந்து அடியில் கட்டியாகும், தூளாக உதிரும். தீயும் சட்டென்று பிடிக்கும். ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) அதே பெட்டிக்குள் என்றால் வேண்டவே வேண்டாம்.

தலையணைக்குப் போடும் பாலியஸ்டர் ஃபைபர் பஞ்சு வாங்குங்க. ஈரம் குடிக்காது. லிட்டருக்கு 10 கிராம், அதாவது 400 கிராமில் ஆரம்பிக்கலாம். மளிகைக் கடைத் தராசில் நிறுத்து, கையால் பிய்த்து உப்ப வைத்து நிரப்புங்க, அமுக்கக் கூடாது. லிட்டருக்கு 24 கிராமைத் தாண்டினால் பலன் திரும்பிவிடும், நார் இடத்தை அடைத்துக்கொள்ளும். ஊஃபருக்குப் பின்னால் கொசுவலைத் துண்டை ஸ்டேப்பிள் செய்யுங்க. காந்தத்தின் நடுவில் காற்றுத் துளை இருந்தால் அதைச் சுற்றி 5 செ.மீ. காலியாக விடணும், இல்லாவிட்டால் வாய்ஸ் காயிலில் (கம்பிச் சுருளில்) சூடு தங்கும்.

கிளாஸ் வூல் வேலை செய்யும். ஆனால் மாஸ்க், கையுறை வேணும், மெல்லிய துணியில் பொதியணும்.

கம்பம்மெட்டு:
நன்றிண்ணே. போதுமா போதாதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? போர்ட் பெட்டிக்கும் இதே கணக்கா?

ஊஃபர்க்காரன்:
போர்ட் பெட்டியை நிரப்பவே கூடாது தம்பி. போர்ட்டின் வீச்சு செத்துடும். சுவரில் மட்டும் 2 செ.மீ. ஒட்டி, குழாய் வாயை விட்டு விலக்கி வைக்கணும்.

உங்களுடையதை அளந்தே பாருங்க. ஆம்ப்புக்கும் ஊஃபருக்கும் நடுவே 100 ஓம், 5 வாட் ரெசிஸ்டர். கிராஸ்ஓவரை விலக்கி, ஒலியைக் குறைத்து வைத்து, ஒலி எழுப்பும் போன் செயலியில் 30 முதல் 70 ஹெர்ட்ஸ் வரை ஒவ்வொன்றாக ஏற்றுங்க. ஊஃபர் முனைகளில் மல்டிமீட்டர் காட்டும் ஏசி வோல்ட் எந்த ஹெர்ட்ஸில் உச்சமோ, அதுதான் எஃப்சி. 50 கிராம் சேர்த்து மறுபடி அளங்க. எஃப்சி இறங்குவது நின்றதும், கடைசி 50 கிராமை வெளியே எடுத்துடுங்க.

அதற்கு முன்னால் ஒரு வேலை: 25 ஹெர்ட்ஸ் ஓடவிட்டு, ஊதுபத்திப் புகையை மூட்டுகளின் ஓரமாகக் கொண்டுபோங்க. புகை துடிக்கும் இடத்தில் காற்று கசிகிறது. அதை அடைக்காமல் அளந்தால் எண் எதுவும் நம்பத்தக்கதல்ல.