புதுப்பிப்பு: 1972 எம்ஜிபி (பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்), பிரேக் மிதிச்சா இண்டிகேட்டர் படுத்துக்குற பிரச்சனை தீர்ந்துச்சு

போன தடவை கேட்டிருந்தேன்ல, பிரேக் மிதிச்சதும் இண்டிகேட்டர் சோம்பலா மினுக்குது, கூடவே பெட்ரோல் முள்ளும் கீழ இறங்குதுன்னு. நிறைய பேர் பின்னாடி லைட்டோட எர்த்தை (கரண்ட் கார் பாடி வழியா பேட்டரிக்குத் திரும்புற இணைப்பு) பாக்கச் சொன்னீங்க, ரொம்ப நன்றி. பாத்தேன், பேட்டரி நெகட்டிவுக்கும் லைட் பாடிக்கும் நடுவுல 0.1 வோல்ட் கூட இல்ல, எர்த் சுத்தமா இருக்கு.

அப்புறம்தான் பச்சை ஒயர் மேல சந்தேகம் வந்துச்சு, ஏன்னா பிரேக் லைட், இண்டிகேட்டர், வைப்பர், பெட்ரோல் மீட்டர் எல்லாமே இக்னிஷன் போட்டா ஒரே ஃப்யூஸ் வழியா பச்சையிலதான் வரும். எல்லாத்தையும் ஆன்ல வெச்சு, ஃப்யூஸ் பாக்ஸ்ல இக்னிஷன்லேந்து வெள்ளை ஒயர் உள்ள வர்ற இடத்துக்கும் பச்சை வெளிய போற இடத்துக்கும் நடுவுல வோல்ட் மீட்டர் வெச்சா 2.5 வோல்ட் காட்டுது! அங்க 0.2க்கு மேல இருக்கவே கூடாது. பெட்ரோல் மீட்டருக்குச் சீரா வோல்ட் குடுக்குற ஸ்டெபிலைசர் சராசரியா 10 வோல்ட் குடுக்கணும், உள்ள வர்றதே அதுக்குக் கீழ போனா முள் இறங்காம என்ன செய்யும்.

கண்ணாடி ஃப்யூஸ் நல்லாத்தான் இருந்துச்சு. பாக்ஸைக் கழட்டித் திருப்பிப் பாத்தா, ஃப்யூஸ் கிளிப்பையும் பின்னாடி இருக்குற டெர்மினலையும் சேக்குற ரிவெட்டைச் சுத்திப் பச்சைப் பச்சையா களிம்பு. அதை வெளியிலேந்து எவ்வளவு தேய்ச்சாலும் போகாது, அதனால புது பாக்ஸே போட்டுட்டேன், பேட்டரியைக் கழட்டிட்டுத்தான் கை வெச்சேன், நீங்களும் அப்படியே செய்யுங்க. இப்ப வைப்பர்கூட வேகமா ஓடுது, அவ்ளோ சந்தோஷம்.

ஹெட்லைட் மங்கலா எரியறது இன்னும் அப்படியே இருக்கு, மொத்த கரண்டும் ஸ்விட்ச் வழியாவே போகுது, அடுத்து ரிலே (சின்ன கரண்டை வெச்சு பெரிய கரண்டை ஆன் பண்ற ஸ்விட்ச்) போடப் போறேன்.