முதிரை வளையை நீளவாக்கில் அரிய எந்த வாள் நல்லது?

உவர்மலையான்:
அம்மம்மாவின் பழைய வீட்டுக் கூரையைக் கழற்றியதில் முதிரை மர வளைகள், அதாவது கூரையைத் தாங்கும் நீளக் கட்டைகள், கொஞ்சம் கிடைத்தன. 4 அங்குலத்துக்கு 4 அங்குலம், 8 அடி வரும், ஒன்றிலும் கறையான் தொடவில்லை. பலகையாக அரிந்து மேசை செய்ய ஆசை. திருமலை டவுனில் வாங்கிய கைவாள் குறுக்கே வெட்டும்போது நன்றாகத்தான் போகிறது, ஆனால் நீளவாக்கில் வைத்தால் எவ்வளவு இழுத்தாலும் ஒரு சாண் தாண்டவில்லை, வியர்வைதான் மிச்சம். வாள் மொட்டையா? மச்சானிடம் 7¼ அங்குல வட்டவாள் மெசின் இருக்கிறது, அது போதுமா?

கிண்ணியா தச்சன்:
தம்பி, வாளில் பிழை இல்லை, பல்லுத்தான் வேறு. கடையில் சாதாரணமாகத் தருவது குறுக்குவெட்டு வாள், பல்லின் ஓரத்தைச் சாய்த்து அராவியிருப்பார்கள், அது நாரை அறுக்கும். நீளத்துக்கு அரிகிற வாளில் பல் நேராக அராவி, நுனி சின்ன உளி மாதிரி இருக்கும், அங்குலத்துக்கு 5, 6 பல்தான். முக்கோண அரத்தால் பல்லை மாற்றி அராவலாமே என்று நினைத்தால், முதலில் நுனியைப் பாருங்கள். கருநீலமாக இருந்தால் சூடேற்றி இறுக்கிய பல், அதில் அரம் வழுக்குமே தவிர ஏறாது. ஆனாலும் 8 அடி முதிரையைக் கையால் அரியச் சொல்ல எனக்கு மனம் வராது.

நிலாவெளி மெசின்:
மச்சானின் மெசின் சுமார் 65 மில்லிமீற்றர்தான் இறங்கும், உங்கள் வளை 100. திருப்பிப் போட்டு மற்றப் பக்கமும் வெட்டினால்தான் சரி, கோடு சந்திக்காவிட்டால் நடுவில் படி விழும். வெட்டுகிறதென்றால் 24 பல் பிளேட் போடுங்கள், 60 பல் பிளேட் நீளவாக்கில் மரத்தை எரித்துக் கறுப்பாக்கிவிடும். வெட்டின வாய் மூடி பிளேட்டைப் பிடித்தால் மெசின் உங்கள் பக்கம் எகிறும், அதனால் பின்னால் ஆப்பு செருகிக்கொண்டே போங்கள்.

மரக்காலைப் பிள்ளை:
இவ்வளவு பாடு எதற்கு, பட்டிவாள் (வளையமாகச் சுற்றி ஓடும் மெல்லிய பட்டி வாள்) உள்ள மரக்காலைக்குக் கொண்டு போங்கள். கணக்குப் பாருங்கள்: ஒரு வளையில் 22 மில்லிமீற்றர் பலகை 4 எடுக்க 3 வெட்டு வேண்டும். பெரிய வட்டவாள் ஒரு வெட்டுக்கு 5 மில்லிமீற்றரைத் தூளாக்கினால் நாலாவது பலகை வராது, பட்டிவாளில் வந்துவிடும். ஆனால் பழைய மரம் என்றதும் முகம் சுளிப்பார்கள், ஆணிதான் காரணம், உள்ளே முறிந்த ஒரு துண்டு போதும், பட்டி முழுவதும் பல் போய்விடும். நாலு பக்கமும் காந்தத்தை இழுத்துப் பாருங்கள், சுற்றிக் கறுத்த புள்ளி எங்கே இருந்தாலும் அங்கே தோண்டுங்கள். ஆணி எடுத்தாயிற்று என்று நீங்களே முதலில் சொல்லிவிட்டால் பேச்சு சுமுகமாக இருக்கும்.

உவர்மலையான்:
நன்றி அண்ணாமார். காந்தம் பழைய ஸ்பீக்கரில் இருக்கிறது, இன்றைக்கே கழற்றுகிறேன்.

கிண்ணியா தச்சன்:
ஒன்றை விட்டுவிட்டேன். முதிரைத் தூள் சிலருக்குத் தோலில் பட்டால் தடித்துக் கடிக்கும். வேர்த்த உடம்போடு கிட்ட நிற்காதீர்கள், முழுக்கைச் சட்டையும் முகமூடியும் போடுங்கள்.