லூபஸோடு பிரஷரும் சேர்ந்துகொண்டவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

முதல் பதிவு

எனக்கு லூபஸ், அதாவது நோய் எதிர்ப்புச் சக்தி சொந்த உடம்பையே தாக்கும் நோய், வந்து 9 வருடம் ஆகிறது. முதல் நான்கு வருடம் மூட்டுவலி, கன்னத்தில் சிவப்புத் தடிப்பு, வெயிலில் போய் வந்தால் இரண்டு நாள் படுக்கை என்றே ஓடியது. சரி, இதோடு வாழப் பழகிவிட்டோம் என்று நினைத்த நேரத்தில்தான் பிரஷர் ஏறியது. எப்போதும் 120-ஐத் தாண்டாத எனக்கு மூன்றே மாதத்தில் 158/100.

அப்போது பார்த்த டாக்டர், "டென்ஷனைக் குறையுங்கள், உப்பைக் குறையுங்கள்" என்று ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். எனக்கு 32 வயது. வேலை அலுப்பு என்று நானும் நம்பிவிட்டேன். ஆனால் உடம்பு வேறு எதையோ சொல்லிக்கொண்டிருந்தது. காலையில் சிறுநீர் போனால் நுரை, சோப்புத் தண்ணீர் மாதிரி. தண்ணீர் ஊற்றிய பிறகும் மேலே மிதக்கும். சாயங்காலம் காலுறையைக் கழற்றினால் ரப்பர் இருந்த இடத்தில் வளையமாகப் பள்ளம். முழங்காலுக்குக் கீழே விரலால் அழுத்தி எடுத்தால் அந்தக் குழி நிரம்ப நேரமாகும். இதையும் பிரஷரையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

லூபஸுக்குப் பார்க்கும் டாக்டரிடம் பேச்சோடு பேச்சாக இதைச் சொன்னேன். அன்றே சிறுநீர்ப் பரிசோதனை. சிறுநீரில் புரதத்துக்கும் கிரியேட்டினின் என்ற கழிவுக்கும் உள்ள விகிதம் 0.5-ஐத் தாண்டினாலே பயாப்ஸியை யோசிப்பார்களாம். எனக்கு 2.4. குப்புறப் படுக்கவைத்து, மரத்துப்போக ஊசி போட்டு, முதுகுப் பக்கமாகச் சிறுநீரகத்திலிருந்து ஒரு துணுக்கு எடுத்தார்கள். டக்கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். முடிவுக்குக் காத்திருந்த நாட்கள்தான் நரகம். லூபஸ் நெஃப்ரைட்டிஸ், அதாவது லூபஸால் வரும் சிறுநீரக அழற்சி, நான்காம் வகை என்று வந்தது.

அதனால்தான் இதை எழுதுகிறேன். லூபஸ் உள்ளவருக்குப் பிரஷர் ஏறினால் அதைத் தனி நோயாக மட்டும் பார்க்காதீர்கள். சிறுநீரகம் அனுப்பும் செய்தியாகவும் இருக்கலாம். பிரஷர் மாத்திரை எழுதும் கையோடு சிறுநீரில் புரதம் போகிறதா என்று பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

அப்புறம் ஸ்டீராய்டு. சிறுநீரகத்தைக் காப்பாற்ற அது வேண்டும், ஆனால் அதுவே உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கிப் பிரஷரை ஏற்றும். முகம் வேறு உப்பிப்போனது. கோபத்தில் ஒருமுறை நானாகவே நிறுத்திவிட்டேன். மூன்றாம் நாள் எழுந்து நிற்க முடியவில்லை, வாந்தி, தலைசுற்றல். பல வாரம் ஸ்டீராய்டு எடுத்தால் உடம்பு தன் பங்கைச் சுரப்பதைக் குறைத்துவிடும் என்பது அப்போதுதான் புரிந்தது. டாக்டர் சொல்லும் கணக்கில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். மூட்டுவலிக்கு நான் வாங்கி விழுங்கிய ஐபுப்ரோஃபனும் பிரஷரை ஏற்றும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். இதை முன்பே யாராவது சொல்லியிருக்கலாம் என்ற ஆதங்கம் இன்னும் இருக்கிறது.

இப்போது லூபஸை அடக்க மைக்கோஃபெனோலேட், ஹைட்ராக்ஸிகுளோரோகுயின், பிரஷருக்கு லோசார்டன். லோசார்டன் பிரஷரோடு புரதம் கசிவதையும் குறைக்கும். பொட்டாசியம் ஏறலாம் என்பதால் ரத்தப் பரிசோதனை தவறுவதில்லை. விகிதம் 0.3-க்கு இறங்கியிருக்கிறது.

மறுமொழி

அக்கா, நுரையைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்ததும் என் மனைவியிடம் காட்டினேன். அவளுக்கும் அப்படித்தான் ஆரம்பித்தது.

அவளுக்கு முதலில் கொடுத்தது எனலாப்ரில். பிரஷர் இறங்கியது, ஆனால் வறட்டு இருமல். ராத்திரி முழுக்க உட்கார்ந்தே இருப்பாள். சளி மருந்து, கஷாயம் எல்லாம் கொடுத்துப் பார்த்தோம். மாத்திரையால் வரும் இருமல் என்று தெரிந்து மாற்றிய பிறகு, சில வாரத்தில் தானாக நின்றது.

அடுத்து குழந்தை ஆசை வந்தது. இந்த இடத்தில் எல்லோரும் கவனிக்க வேண்டும். எனலாப்ரில், லோசார்டன் வகை மாத்திரைகளும் மைக்கோஃபெனோலேட்டும் கருவுக்கு ஆகாது. மைக்கோஃபெனோலேட்டைக் கருத்தரிப்பதற்குக் குறைந்தது ஆறு வாரம் முன்பே நிறுத்த வேண்டும். எங்களை நோய் ஆறு மாதம் அடங்கியிருக்கட்டும் என்று காத்திருக்கச் சொல்லி, அதற்குள் மருந்துகளை மாற்றினார்கள். ஹைட்ராக்ஸிகுளோரோகுயினை மட்டும் நிறுத்தவே கூடாது என்றார்கள். பிரஷருக்கு லபெட்டலால் என்ற மாத்திரையைப் பற்றிப் பேச்சு வந்தது. ஆனால் குளிர் பட்டால் அவள் விரல்கள் வெளுத்து, நீலமாகி, பிறகு சிவக்கும். அந்த வகை மாத்திரை அதைக் கூட்டலாம் என்று நிஃபெடிபின் கொடுத்தார்கள். விரலுக்கும் அதுவே உதவியது. மகளுக்கு இப்போது இரண்டு வயது.

மறுமொழி

நான் புதிது. கண்டுபிடித்து ஐந்து மாதம்தான். வீட்டில் பார்த்தால் ஒருமுறை 150, பத்து நிமிடத்தில் 128. பயமாக இருக்கிறது. எதை நம்புவது அக்கா?

முதல் பதிவு எழுதியவர்

பயப்படாதேம்மா, நானும் இப்படித்தான் தவித்தேன். சிறுநீர் கழித்துவிட்டு வந்து, முதுகு சாய்த்து, பாதம் தரையில் பட, ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார். கையை நெஞ்சு உயரத்தில் மேஜைமேல் வை. கைப்பட்டை உன் கைக்கு ஏற்ற அளவா என்று பார். சின்னதாக இருந்தால் எண் கூடிக் காட்டும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை எடுத்து, இரண்டையும் நோட்டில் எழுது. காலையும் இரவும் ஒரு வாரம் எழுதி அந்த நோட்டை டாக்டரிடம் காட்டு. ஒற்றை எண்ணை வைத்து அழாதே. என் டாக்டர் எனக்கு வைத்த இலக்கு 130/80-க்குக் கீழே.

180/120-ஐத் தாண்டி, கூடவே கடும் தலைவலியோ, பார்வை மங்கலோ, நெஞ்சுவலியோ, மூச்சுத்திணறலோ இருந்தால் நோட்டெல்லாம் வேண்டாம், உடனே அவசர சிகிச்சைக்குப் போய்விடு.

கணுக்காலை அழுத்திப் பார்த்தாயா? சிறுநீர்ப் பரிசோதனை கடைசியாக எப்போது எடுத்தாய்? அதை எழுது, காத்திருக்கிறேன்.