லுஃப்ட்வாஃபே விமானிச் சின்னம்: பின்புறத்து முத்திரையை எவ்வளவு தூரம் நம்பலாம்?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். இரண்டாம் உலகப் போர்க்கால ஜெர்மன் வான்படையான லுஃப்ட்வாஃபேயின் விமானிச் சின்னம் ஒன்றை அண்மையில் வாங்கினேன். ஒரு பாதியில் ஓக் இலைகளும் மறு பாதியில் லாரல் இலைகளும் அமைந்த நீள்வட்ட வளையத்தின் மேல், ஸ்வஸ்திகாவைக் கால்களில் பற்றிப் பறக்கும் கழுகு தனியாகச் செய்யப்பட்டு இரண்டு ரிவெட்டுகளால் பொருத்தப்பட்டிருக்கிறது. பின்புறத்தில் பெர்லினைச் சேர்ந்த சி. ஈ. யுங்கர் நிறுவனத்தின் முத்திரை தெளிவாக உள்ளது. இது 1936இல் செய்யப்பட்டது என்று விற்றவர் கூறினார். அதை அணிந்திருந்த விமானியின் குடும்பத்தார் எழுதியதாக ஒரு கடிதத்தையும் தந்தார். முத்திரையும் கடிதமும் இருந்தால் அசல் என்று கொள்ளலாமா? சின்னத்துக்குச் சேதம் வராமல் வேறு எப்படிச் சோதிப்பது?

மறுமொழி 1

முத்திரையைக் கடைசியாகப் பாருங்கள் என்பதே என் முதல் வேண்டுகோள். போலி செய்பவருக்கு மிக எளிதாகக் கைவருவது அதுதான். அசலிலிருந்து வார்ப்பு எடுத்தால் முத்திரை தானாகவே பதிந்துவிடும்.

உலோகத்திலிருந்து தொடங்குங்கள். 1930களின் நடுவில் இத்தகைய சின்னங்கள் அலுமினியத்திலும் நிக்கல் வெள்ளி போன்ற செம்புக் கலவைகளிலும் செய்யப்பட்டன. போர் நீண்டு, செம்பும் நிக்கலும் ஆயுத உற்பத்திக்கே போதாமல் போனபோது, அவற்றின் இடத்தைத் துத்தநாகம் பிடித்தது. ஆகவே, 1936 என்று சொல்லப்படும் சின்னம் துத்தநாகமாக இருந்தால், குறைந்தபட்சம் அந்த ஆண்டு பொய்.

அடர்த்தியை நீங்களே கண்டறியலாம். 0.01 கிராம் வரை காட்டும் மின்னணுத் தராசில் சின்னத்தை முதலில் நிறுத்துக்கொள்ளுங்கள். பிறகு காய்ச்சி வடித்த நீருள்ள ஒரு கோப்பையைத் தராசில் வைத்துப் பூஜ்ஜியமாக்கி, சின்னத்தை மெல்லிய நூலில் கட்டி, கோப்பையின் அடியையோ பக்கத்தையோ தொடாதபடி முழுவதும் மூழ்கச் செய்யுங்கள். அப்போது தராசு காட்டும் கிராம் எண்ணிக்கையே கன சென்டிமீட்டரில் அதன் கன அளவாகும். எடையை அதனால் வகுத்தால் அலுமினியத்துக்கு 2.7ஐ ஒட்டியும், துத்தநாகத்துக்கு 7.1ஐ ஒட்டியும், நிக்கல் வெள்ளிக்கு ஏறக்குறைய 8.6 என்றும் விடை வரும். சட்டையில் குத்துவதற்காகப் பின்புறத்தில் உள்ள எஃகு ஊசியால் விடை சிறிது மாறுமே தவிர, உலோகத்தையே குழப்பும் அளவுக்கு மாறாது. வெளியே எடுத்தவுடன் ரிவெட்டுகளின் ஓரத்திலும் கீலிலும் ஈரம் தங்காமல் உலர்த்திவிடுங்கள். எக்காரணம் கொண்டும் மெருகேற்றாதீர்கள். பழைய பூச்சு அழிந்தால் சான்றும் அழிந்துவிடும்.

மறுமொழி 2

கடிதத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். நான் சேகரிப்பது முதல் உலகப் போர்க்காலச் சின்னங்களை, குறிப்பாக 1913 ஜனவரி 27 அன்று இரண்டாம் வில்ஹெல்ம் பேரரசர் ஏற்படுத்திய பிரஷ்ய விமானிச் சின்னத்தை. அங்கும் இதே சிக்கல்தான். ஒருவர் விமானியாக இருந்தார் என்பதை ஆவணம் நிறுவலாம். உங்கள் கையில் உள்ள இந்தப் பொருள்தான் அவர் மார்பில் இருந்தது என்பதை அது நிறுவாது. பிரஷ்யப் படையினரின் பணிப்பதிவுகளில் பெரும்பகுதி 1945 ஏப்ரலில் பாட்ஸ்டாம் நகரக் குண்டுவீச்சில் எரிந்துபோனதால், அந்த முதல் படிக்கே நாங்கள் மிகவும் சிரமப்படுகிறோம். பவேரியப் படையினரின் பதிவுகள் மியூனிக்கின் போர் ஆவணக் காப்பகத்தில் இருப்பதால், பவேரியக் கிரீடம் கொண்ட சின்னத்துக்குரியவரின் பெயர் தெரிந்தால் நிலைமை சற்று மேல். உங்கள் கடிதத்தில் பெயரும் பிறந்த நாளும் இருந்தால், முன்பு பெர்லினில் தனி அலுவலகமாக இயங்கி 2019 முதல் ஜெர்மன் கூட்டாட்சி ஆவணக் காப்பகத்துடன் இணைந்துள்ள, இரண்டாம் உலகப் போர்க்காலப் படையினரின் பதிவுகளை வைத்திருக்கும் பிரிவுக்கு எழுதிக் கேளுங்கள். பெயரே இல்லையென்றால் கடிதத்தை ஒதுக்கிவிடுங்கள்.

கேட்டவரின் பதில்

இருவருக்கும் நன்றி. கடிதத்தில் "எங்கள் தாத்தா" என்பதற்கு மேல் பெயர் எதுவும் இல்லை. எடை 28.40 கிராம், நீரில் மூழ்கியபோது தராசு காட்டியது 3.98. வகுத்தால் 7.14 வருகிறது, ஆகவே துத்தநாகம். மேலும், உறுதிசெய்யப்பட்ட ஒரு யுங்கர் சின்னத்தின் அளவுகளோடு வெர்னியர் காலிப்பரால் ஒப்பிட்டபோது, என்னுடைய கழுகின் சிறககலம் அரை மில்லிமீட்டருக்கும் சற்று அதிகமாகக் குறைகிறது. ஆண்டு தவறு என்பதை ஏற்கிறேன். ஆனால் இது போர்க்காலத்து அசலாக இருக்கலாம் அல்லவா?

மறுமொழி 1

இருக்கலாம், அதனால்தான் அவசரப்பட வேண்டாம் என்கிறேன். உருகிய உலோகம் குளிரும்போது சுருங்குவதால், அசலை வைத்து வார்த்தெடுத்த நகல் அதைவிடச் சிறிதாகவே அமையும். துத்தநாகத்தில் அந்தச் சுருக்கம் சுமார் ஒரு விழுக்காடு. உங்கள் அளவு அதற்குப் பொருந்துகிறது. ஆயினும் ஒரே நிறுவனம் காலப்போக்கில் வெவ்வேறு அச்சுகளைப் பயன்படுத்தியிருப்பதால், அளவை மட்டும் கொண்டு தீர்ப்புச் சொல்ல முடியாது. போர்க்காலத்தில் அழுத்த வார்ப்பும் (உருகிய உலோகத்தை அழுத்தத்துடன் அச்சுக்குள் செலுத்தும் முறை) நடந்ததால், வார்ப்பின் அடையாளம் கண்டவுடனேயே போலி என்றுவிடவும் கூடாது.

நான் பெரிதும் நம்புவது வேறொன்றை. அச்சில் இருக்கும் குறை, அந்த அச்சில் பிறந்த எல்லா அசல்களிலும் தோன்றும். அது நல்ல அடையாளம். அதற்கு மாறாக, யாரோ ஒருவரின் சட்டையிலோ மேசை இழுப்பறையிலோ இருந்தபோது ஒரு சின்னத்தின் மேல் பட்ட கீறல் அந்த ஒன்றுக்கே உரியது. அதே கீறல் அதே இடத்தில், அதே சாய்வில் இரண்டு சின்னங்களில் இருந்தால், ஒன்று மற்றதிலிருந்து வார்க்கப்பட்டது, அல்லது இரண்டுமே வேறொன்றிலிருந்து வார்க்கப்பட்டவை. பத்து மடங்கு பெருக்கும் லென்ஸை எடுத்து, கீறலின் அடிவரை பூச்சு தொடர்ச்சியாகப் படிந்திருக்கிறதா என்று பாருங்கள். பூசிய பின் விழுந்த கீறல் என்றால் பூச்சைக் கிழித்துக்கொண்டு போயிருக்கும். கழுகை ஒட்டிய ரிவெட் தலைகளையும் பாருங்கள். அவை உண்மையில் அடித்து இறுக்கப்பட்டனவா, அல்லது வளையத்தோடு சேர்ந்தே வார்க்கப்பட்ட வெறும் புடைப்புகளா?

ஒப்பிடப் படங்கள் தேடும்போது ஒன்றை மறக்க வேண்டாம். ஜெர்மனியில் நாஜிச் சின்னங்களைப் பொதுவில் காட்டுவதைத் தடுக்கும் குற்றவியல் சட்டத்தின் 86அ பிரிவு காரணமாக, விற்பனைப் பட்டியல்களில் ஸ்வஸ்திகாவை மறைத்தே அச்சிடுவது வழக்கம். 1957ஆம் ஆண்டுச் சட்டம், ஸ்வஸ்திகா இல்லாத வடிவில் பழைய விருதுகளை அணிய அனுமதித்ததால், அவ்வாறு பின்னர் செய்யப்பட்டவையும் புழக்கத்தில் உள்ளன. எனவே மறைக்கப்பட்ட அந்தப் பகுதியின் படத்தைத் தனியே கேட்டுப் பெறாமல் எதையும் ஒப்பீட்டுக்கு எடுக்காதீர்கள்.

கேட்டவரின் பதில்

மூன்று நாள் தேடிய பிறகு விடை கிடைத்தது. என் சின்னத்தில் இடது சிறகின் மூன்றாம் இறகைக் குறுக்கே வெட்டும் கீறல், சில ஆண்டுகளுக்கு முன் வேறொருவர் விற்ற சின்னத்தின் படத்திலும் இம்மியும் மாறாமல் இருக்கிறது. ஓக் இலை ஒன்றின் நுனியில் உள்ள குழியும் அப்படியே. லென்ஸில் பார்த்தால் என்னுடையதில் கீறலின் அடியிலும் பூச்சு படிந்திருக்கிறது. ரிவெட் தலைகள் உண்மையானவை. ஆகவே இரண்டு பாகங்களையும் தனித்தனியே வார்த்துப் பின்னர் பொருத்தியிருக்கிறார்கள். விற்றவரிடம் இவற்றைக் காட்டியதும் பணத்தைத் திருப்பித் தர ஒப்புக்கொண்டார். திருப்பி அனுப்புவதற்கு முன் எல்லாப் பக்கங்களையும் அளவுகோலுடன் படமெடுத்து இங்கே இணைக்கிறேன். அதே கீறலுள்ள மூன்றாவது சின்னம் உங்களில் எவர் கண்ணில் பட்டாலும் இதே இழையில் தெரிவியுங்கள்.