ஓசிடி (எண்ணச் சுழல், கட்டாயச் சடங்கு நோய்) சிகிச்சையில் தளர்வுப் பயிற்சி எப்போது, ஏன் விடுபட்டது?

நிலாமதி:
பயத்தைப் போக்க மனநல மருத்துவர் வோல்பே 1958-இல் வெளியிட்ட முறையில் முதலில் தசைத் தளர்வு, பிறகு பயங்களை அடுக்கிய ஏணி, பிறகு கற்பனையில் ஒவ்வொரு படியாக ஏறுவது என்று வருகிறது. தனிப் பொருள் பயங்களுக்கு இது நன்றாகவே பலன் தந்தது. ஆனால் ஓசிடிக்கான இன்றைய எக்ஸ்போஷர் (அஞ்சுவதை நேரில் எதிர்கொள்ள வைக்கும்) வழிமுறையில் தளர்வுப் பயிற்சியே கிடையாது. எதனால் விடுபட்டது?

செழியன்:
வோல்பேயின் கோட்பாட்டுக்கு அச்சாணியே தளர்வுதான். ஜோகன்னஸ்பர்க்கில் பூனைகளுக்குக் கூண்டில் மின்னதிர்ச்சி கொடுத்தார். அதன்பின் எவ்வளவு பசித்தாலும் அங்கே அவை தின்னவில்லை. அந்த அறையின் சாயலே இல்லாத இடத்தில் தீனி வைக்கத் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் கூண்டுப் பக்கம் நகர்த்தினார், பயம் போயிற்று. தின்பது பயத்தை அடக்குகிறது என்று எடுத்துக்கொண்டார். மனிதர்களுக்குத் தீனியின் இடத்தில் அமெரிக்க மருத்துவர் ஜேக்கப்சன் வகுத்த, தசைகளை இறுக்கித் தளர்த்தும் பயிற்சியை வைத்தார். நீண்ட அந்தப் பயிற்சியைச் சுமார் ஆறு அமர்வுக்குள் சுருக்கினார். பின்னால் பகுதி பகுதியாகப் பிரித்துச் சோதித்தபோது, தளர்வை எடுத்துவிட்டாலும் பயம் குறைவது தெரிந்தது. பயப்படும் பொருளின் முன் போதிய நேரம் நிற்பதே முக்கியம்.

ஓசிடியில் சிக்கலே வேறு. உளவியலாளர் மௌரரின் 1947-ஆம் ஆண்டு இரு காரணிக் கோட்பாட்டைப் பொருத்திப் பாருங்கள்: பயம் ஒரு பொருளோடு ஒட்டிக்கொள்வது ஒன்று, தவிர்ப்பதில் கிடைக்கும் நிம்மதி அதை நீட்டிப்பது இன்னொன்று. கை கழுவியதும் பதற்றம் சட்டென்று இறங்குகிறது. அந்த நிம்மதிதான் அடுத்த கழுவலுக்குக் கூலி. கற்பனையில் எத்தனை படி ஏறினாலும், வீட்டுக்குப் போய்க் கழுவினால் பாழ். 1966-இல் லண்டன் மிடில்செக்ஸ் மருத்துவமனையில் உளவியலாளர் விக்டர் மேயர் இதைத்தான் மறித்தார். செவிலியர்கள் விழித்திருக்கும் நேரமெல்லாம் உடனிருந்தார்கள், அறையின் குழாய் அடைக்கப்பட்டது, அசுத்தம் என்று அஞ்சிய பொருள்களைத் தொட வைத்தார்கள். 1974-இல் அவர் குழு வெளியிட்ட 15 பேரில் 10 பேருக்கு நல்ல முன்னேற்றம்.

தமயந்தி:
நடைமுறையில் தளர்வு ஏன் இடைஞ்சல் என்பதையும் சொல்கிறேன். உளவியலாளர் எட்னா ஃபோவாவின் எக்ஸ்போஷர் முறையில் 2 திட்டமிடும் அமர்வு, 15 எக்ஸ்போஷர் அமர்வு. வாரம் இருமுறை, 90 நிமிடம். 0–100 பதற்ற அளவில் நடுத்தரப் படியில் தொடங்குவது வழக்கம். கழிப்பறைக் கைப்பிடியைத் தொட்டால் போதாது. அதே கையைச் சட்டையில், தலைமுடியில் தேய்த்து, கழுவாமல் பிஸ்கட் தின்னும்வரை போக வேண்டும். அந்த நேரத்தில் மூச்சை இழுத்து விட்டுத் தணித்துக்கொண்டால், மூச்சே புதுச் சடங்காகிவிடும்.

பெரும்பாலும் கெடுவது இங்கேதான்: வாசலைத் தாண்டியதும் சானிடைசர், மனசுக்குள் மந்திரம் அல்லது எண்ணிக்கை. "ஒண்ணும் ஆகாதுல்ல?" என்று கேட்கும்போது சிகிச்சையாளர் "ஆகாது" என்று சொல்லிவிடுவது இன்னும் மோசம். வீட்டாரும் அந்தப் பதிலைத் தரக்கூடாது என்று முதல் வாரத்திலேயே பேசி வைத்துவிடுங்கள்.

நிலாமதி:
அப்படியானால் ஜேக்கப்சன் பயிற்சிக்கு இன்று இடமே இல்லையா?

செழியன்:
உண்டு. ஸ்வீடன் உளவியலாளர் ஊஸ்ட் 1987-இல் விளக்கிய அப்ளைட் ரிலாக்ஸேஷன் (அன்றாடச் சூழலில் பயன்படுத்தும் தளர்வு) அதன் வாரிசுதான். இறுக்கித் தளர்த்துவது, தளர்த்துவது மட்டும், மூச்சோடு ஒரு குறிச்சொல், நடமாடும்போது தளர்வது என்று படிப்படியாகப் போய், 15–20 நிமிடம் பிடித்த தளர்வு 20–30 நொடிக்கு வந்துவிடும். பொதுப் பதற்ற நோய்க்கும் பானிக் எனும் திடீர்ப் பீதி நோய்க்கும் இதைப் பயன்படுத்துகிறார்கள். ஓசிடி எக்ஸ்போஷர் நடக்கும் நேரத்தில் மட்டும் கலக்காதீர்கள்.